தாமஸ் மிட்ஜ்லி

சென்ற கோடையில், ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரிலே, பழைய மோட்டார் வண்டியொன்றின் முன்மூடியைத் திறந்துவைத்து ஒரு மெக்கானிக் நிற்கக் கண்டோம். 1993-ஆம் ஆண்டு வண்டி; உள்ளே குளிர்ச்சி வரவில்லையாம். அவர் முதலிற் செய்த காரியம், வாயு ஏற்றும் வாயை விரலால் தடவிப் பார்த்ததே. வெளிப்புறத்தில் திருகு மரை இருந்தது. புதிய வண்டிகளிலோ, அழுத்தியவுடன் பற்றிக்கொள்ளும் மரையற்ற வாயே உண்டு. ஆகவே இது ஆர்-12 என்னும் பழைய வாயுவுக்குரியது எனத் தெளிந்தார். அவ்வாயுவைக் கண்டவரது சரித்திரத்தை நம் மாணாக்கர் பலர் அறியாராதலின், ஈண்டுச் சுருக்கமாய் வரையத் துணிந்தோம்.

தாமஸ் மிட்ஜ்லி 1889-ஆம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி, அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்துப் பீவர் பால்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். 1911-ல் கார்னெல் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றது யந்திர சாஸ்திரத்தில். ரசாயனம் அவர் தாமே தேடிக்கொண்ட வித்தை. 1916-ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்பாரிடம் சேர்ந்து, 1921-ல் பெட்ரோலில் ஈயச்சேர்க்கை ஒன்றைக் கலந்தால் எஞ்சினின் தட்டொலி அடங்குமென்று கண்டார். அந்த ஈயத்தாலேயே 1923-ல் நோயுற்று ஓய்வெடுத்தார். 1924-ல் அதனை உற்பத்தி செய்த தொழிலாளர் சிலர் சித்தங்கலங்கி மாண்டனர். இவ்வளவும் அறிந்தும் பத்திரிகையாளர் முன் அதனைக் கையில் ஊற்றித் தீங்கில்லையென்று காட்டினார். இச்செயலை நாம் மன்னிக்க மாட்டோம்.

அடுத்த காரியத்தில் அவர் எண்ணம் நல்லதே. அக்காலத்துக் குளிர்ப்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக வாயு, மீதைல் குளோரைடு முதலியன ஓடின. குழாய் கசிந்தால் வீட்டாரின் உயிருக்கே அபாயம். நஞ்சும் நெருப்பும் இல்லாத வாயு வேண்டுமென்று கெட்டரிங் கேட்க, 1928-ல் மிட்ஜ்லியும் ஹென்னி என்பாரும் மூலகங்களின் அட்டவணையை ஆராய்ந்து புளோரினைத் தேர்ந்தனர். அதற்கு வேண்டிய ஆண்டிமனிச் சரக்கு ஐந்து புட்டிகள் வந்தன. முதற் புட்டியிலிருந்து செய்த வாயுவைச் சுவாசித்த சீமைப்பெருச்சாளி பிழைத்தது. அடுத்ததில் செய்ததைச் சுவாசித்தது இறந்தது. ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒன்றே சுத்தமானது. மற்றவற்றின் கலப்படத்தாற் கொடிய பாஸ்ஜீன் விளைந்ததெனத் தெரிந்தது. முதலிற் கைப்பட்டது கெட்ட புட்டியாயிருப்பின் அம்முயற்சி அன்றே கைவிடப்பட்டிருக்கலாம். 1930-ல் ரசாயன சங்கத்தார் முன் மிட்ஜ்லி அவ்வாயுவை உள்ளிழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். 1940-ஆம் ஆண்டு மாதிரிப் பாக்கார்டு வண்டிமுதல் மோட்டார்களிலும் குளிர்யந்திரம் புகுந்தது.

அதே 1940-ல் இளம்பிள்ளை வாதம் அவர் கால்களை முடக்கியது. படுக்கையினின்று எழக் கயிறும் கப்பியும் கொண்டு தாமே ஒரு கருவி சமைத்தார். 1944 நவம்பர் 2-ல் அக்கயிறே கழுத்தை இறுக்க, 55-ஆம் வயதில் மாண்டார். அவ்வாண்டு அமெரிக்க ரசாயன சங்கத்தின் தலைவரும் அவரே.

1974-ல் ரோலண்டு, மோலினா என்போர், இவ்வாயு வானுயரம் சென்று சிதைந்து, அதிலுள்ள குளோரின் ஓஸோன் படலத்தை அழிக்குமென்று காட்டினர். 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது. இந்தியா 1992-ல் சேர்ந்தது. நம் மேட்டூரிலும் இவ்வினத்து வாயுக்கள் செய்யப்பட்டதுண்டு. 2010-க்குள் தேசத்தில் இவற்றின் பொது உபயோகம் நின்றது. மிட்ஜ்லியைப் பழிக்குமுன் நம் பாலாற்றையும் நினைக்க வேண்டும். ஆவாரம் பட்டையை விட விரைவிற் பதமாகுமென்று குரோமியத்தை நம் தோல் ஷாப்புகளும் வரவேற்றன. கிணறுகள் கெட்டபின், 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியதாயிற்று.

நிற்க. ஒடுகத்தூர் மெக்கானிக் எஞ்சிய பழைய வாயுவை வெளியே விடாமல் உருளையில் இழுத்துக்கொண்டார். கம்ப்ரெஸரின் தாது எண்ணெய் ஆர்-134ஏ என்னும் மாற்று வாயுவுடன் கலவாதாதலின், அதனை வடித்துத் தக்க எண்ணெய் வார்த்தார். ஈரமுறிஞ்சும் குப்பியையும் ரப்பர் வளையங்களையும் மாற்றி, மரைமேல் புது வாய் பொருத்தி, குழாய்களைக் காற்றறச் செய்தபின், பழைய அளவினும் சற்றுக் குறைவாகவே புதிய வாயுவை ஏற்றினார். அதுவும் ஓஸோனுக்குத் தீங்கற்றதேயன்றிப் பூமியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லது. ஆதலின் மேனாடுகளில் வேறொன்று வந்துவிட்டது. முடிவில், அடுத்துத் திறப்பவர் ஏமாறாதிருக்க, வாயுவின் பெயரையும் எடையையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி முன்மூடியின் உட்புறம் ஒட்டினார்.