பூட்டிய கதவும் சுத்தமான பாஷையும்
அசூசா தெரு ஊழியர் வில்லியம் சீமோர்

செப்பனியா 3-ம் அதிகாரம் 9-ம் வசனம் நமக்கெல்லாம் தெரிஞ்ச வசனம். ஜனங்களுடைய பாஷையைக் கர்த்தர் சுத்தமாக்குவார், அவர்கள் ஒருமனமாய் அவரை ஆராதிப்பார்கள் என்கிற வாக்குத்தத்தம் அது. சுத்தமான பாஷை என்றவுடனே அந்நியபாஷைதானே நம்ம நினைவுக்கு வருது? ஆனால் எபிரெய வேதத்தில் அந்த இடத்தில் இருக்கிற வார்த்தைக்கு உதடு என்று அர்த்தம். பாபேலில் தாறுமாறாக்கப்பட்டதும் அதே உதடுதான். ஒருமனம் என்று நாம் வாசிக்கிற இடத்தில் ஒரே தோள் என்று இருக்கிறது. ஒரு நுகத்தின் கீழே தோளோடு தோள் சேர்ந்து இழுக்கிற மாடுகளை நினைச்சுப் பாருங்க. உதடு சுத்தமாகணும், தோள் ஒன்றாகணும். இந்த இரண்டுக்காகவும் பாடுபட்ட ஒரு தேவமனிதனுடைய வாழ்க்கையை இந்த மாதம் தியானிப்போம்.

வில்லியம் ஜோசப் சீமோர் 1870-ம் வருஷம் அமெரிக்காவில் லூசியானா மாகாணத்தின் சென்டர்வில் என்ற ஊரில் பிறந்தார். தாயும் தகப்பனும் அடிமைகளாயிருந்து விடுதலையானவர்கள். பிழைப்புக்காக வடக்கே போய் ஹோட்டலில் வெயிட்டராக வேலை பார்த்தார். பெரியம்மை வந்து இடது கண்ணில் பார்வை போயிற்று. பிழைத்தெழுந்தவர் தன்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார்.

ஹூஸ்டன் பட்டணத்தில் சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளைக்கார ஊழியர் வேதபாடசாலை நடத்தினார். பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நியபாஷையே அடையாளம் என்று அங்கே போதித்தார்கள். சீமோருக்கும் கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் கறுப்பர் வெள்ளையரோடு ஒரே அறையில் உட்காரக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். வகுப்பு அறைக்குள்ளே நடந்தது. சீமோர் வெளியே நடையில் உட்கார்ந்து, கொஞ்சம் திறந்து வைத்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். அவர் முறுமுறுக்கவில்லை. கேட்டதை இருதயத்தில் வைத்துக்கொண்டார்.

1906 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு சிறிய சபை அவரை அழைத்தது. போய்ப் பிரசங்கித்தார். அந்தப் போதனை சபைத் தலைவர்களுக்குப் பிடிக்கலை. மறுபடி வந்தபோது கதவு பூட்டிக் கிடந்தது! கையில் பணமில்லை, ஊரும் புதிது. ஒரு குடும்பம் இடம் கொடுத்தது. பிறகு போனி பிரே தெருவில் ஒரு வீட்டில் கூடி உபவாசித்து ஜெபித்தார்கள். ஏப்ரல் 9-ந் தேதி ஆவியானவர் அங்கே இறங்கினார். சில நாளில் சீமோரும் அபிஷேகம் பெற்றார். வீடு கொள்ளாமல் ஜனங்கள் திரண்டார்கள்.

அசூசா தெரு 312-ம் எண்ணில் ஒரு பழைய கட்டிடம் கிடைத்தது. முன்பு கறுப்பர் சபையின் ஆலயம். பின்னால் குதிரை கட்டுகிற கொட்டிலாயிற்று. அதைச் சுத்தம் பண்ணி, பெட்டிகள்மேல் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். சீமோர் பெட்டிக்குள்ளே தலையை வைத்து ஜெபிப்பாராம். தினமும் மூன்று கூட்டம், ஏறக்குறைய மூன்று வருஷம்! கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ நாட்டார் எல்லாரும் ஒரே இடத்தில் முழங்கால்படியிட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது யாரும் காணாத காட்சி. கறுப்பரான சீமோர் வெள்ளையர்மேல் கைவைத்து ஜெபித்தார். ஸ்திரீகளும் ஊழியம் செய்தார்கள். செப்பனியா அடுத்த வசனத்திலேயே எத்தியோப்பியாவின் ஆறுகளுக்கு அக்கரையிலிருந்து விண்ணப்பக்காரர் வருவார்கள் என்று முன்னறிவிக்கிறாரே, அல்லேலூயா!

ஆனால் தேவபிள்ளைகளே, சோதனை சீக்கிரமே வந்தது. அதே 1906 அக்டோபரில் பார்ஹாம் அங்கே வந்தார். நிறம் கலந்து ஜனங்கள் ஆராதிப்பதைக் கண்டு அருவருத்தார், கடிந்து பேசினார். அசூசா சபையார் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் பக்கத்திலேயே வேறே கூட்டம் தொடங்கினார். அந்நியபாஷையைப் போதித்த அதே வாயிலிருந்து இகழ்ச்சி வந்தது. நாவு பேசிற்று, உதடு சுத்தமாகலை.

இன்னொன்றும் நடந்தது. அசூசாவில் அபிஷேகம் பெற்ற ஆல்பிரட் கார், தனக்கு வங்காள பாஷை வரமாகக் கிடைத்தது என்று நம்பிக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். வந்து பார்த்தால் அந்தப் பாஷையில் பிரசங்கிக்க முடியவில்லை. ஆனாலும் ஊழியத்தை விட்டுவிடலை. பாஷை வரம் ஜெபத்துக்கும் துதிக்கும் கொடுக்கப்பட்டது என்று பின்னால் போதித்தார்.

சீமோரும் இதையெல்லாம் கண்டு ஆழமாகக் கற்றுக்கொண்டார். அந்நியபாஷை பேசினாலும் தெய்வீக அன்பு இல்லாவிட்டால் அது ஆவியானவரின் நிறைவு அல்ல என்று வலியுறுத்தினார். 1908-ல் ஜென்னி மூர் என்ற சகோதரியை மணந்தார். அந்தச் சமயத்தில்தான் சபைப் பத்திரிகையும் சந்தாதாரர் முகவரிகளும் அவர் கைவிட்டு வேறே பட்டணத்துக்குப் போயின. 1911-ல் வில்லியம் டர்ஹாம் என்பவரோடு உபதேசத் தகராறு முற்றியது. இந்தமுறை கதவைப் பூட்டியது சீமோரின் பக்கம். 1915-ல் அவர் எழுதிய சபைச் சட்டத்தில், பிரிவினைக்கு இடம் வராதபடி தலைமைப் பொறுப்பு கறுப்பரிடமே இருக்கவேண்டும் என்று வைத்தார். கதவுக்கு வெளியே நின்ற மனுஷன் அந்த நிலைக்கு வந்தாரே, எத்தனை காயப்பட்டிருப்பார்! 1922 செப்டம்பர் 28-ல் இருதய நோயால் மரித்தபோது சபையில் சிலரே மிஞ்சியிருந்தார்கள். 1931-ல் கட்டிடமும் இடிக்கப்பட்டது. ஆனால் அங்கே பற்றின அக்கினி உலகமெங்கும் பரவியது.

இப்போ 9-ம் வசனத்தோடு நிறுத்தாமல் 13 வரைக்கும் வாசிங்க. பெருமைக்காரர் அகற்றப்படுவார்கள், எளிமையான ஜனம் மீந்திருக்கும், அவர்கள் வாயில் பொய்யும் கபட நாவும் இராது. சுத்தமான பாஷைக்கு வேதமே கொடுக்கிற விளக்கம் இது. அந்நியபாஷை தேவன் தந்த வரம், அதை அசட்டை பண்ணாதீங்க. ஆனால் ஆராதனையில் அந்நியபாஷை பேசின நாக்கு வாசலுக்கு வந்ததும் சகோதரனைத் தரம் பிரித்துப் பேசினால், சீமோர் உட்கார்ந்த அந்த நடையில் இன்னொருவரை நாம்தானே உட்கார வைக்கிறோம்? நம்ம சபையில் யார் வெளியே இருக்கிறார்கள்? இந்த வாரமே அவரைத் தேடிப் போங்க, பக்கத்தில் உட்கார வையுங்க.

ஆண்டவரே, எங்கள் உதடுகளைச் சுத்திகரியும், எங்கள் தோள்களை ஒன்றாக்கும். ஆமென்.