ஜவ்வாது மலையில் திறந்த கண்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மொட்டை மாடியில் சிறிய தூரதிருஷ்டிக் கண்ணாடியை நிறுத்தி அர்த்த சந்திரனை நோக்கினால், அதன் பள்ளத்தாக்குகளும் வட்டக் குழிகளும் தெளிவாகத் தெரியும். காமிராவைப் பொருத்தினால் படமும் பிடிக்கலாம். பௌர்ணமியன்று இவை மங்கிப்போகும். வெயில் சாய்ந்து விழுந்து நிழல் நீளும்போதே மேடுபள்ளம் புலப்படும். வானத்தை அறிய ஒளியோடு இருளும் வேண்டும். அத்தகைய இருளைத் தேடி, சேலத்துக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு வந்தவர் வைணு பாப்பு.

அவர் 1927 ஆகஸ்டு 10-ல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர். அமெரிக்காவில் ஹார்வார்டு மாணவராயிருந்த பாப்பு, 1949-ல் தாம் எடுத்த படத்தகட்டில் புதிய வால்நட்சத்திரமொன்றைக் கண்டார். அது போக், நியூகிர்க் என்ற இருவர் பெயரோடு அவர் பெயரையும் தாங்கியது. அந்நியர் தந்த புகழோடு அவர் நின்றுவிடவில்லை. தாயகம் திரும்பி நைனிதால் நிலையத்தை உருவாக்கினார். 1960-ல் கொடைக்கானல் நிலையத்தின் தலைமையை ஏற்றார்.

கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்குப் பேர்போனது. இரவு வானத்துக்கெனக் காவலூரை அவர் தேர்ந்தார். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தூரதிருஷ்டி 1968-ல் அங்கே வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர்க் கருவி வந்தது. அவ்வாண்டு ஜூன் 7-ல் வியாழனின் சந்திரனான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூர் அளந்தது. ஒளி மங்கிய விதத்தைக் கொண்டு, அங்கே மெல்லிய வாயுமண்டலம் உண்டெனக் கருத இடமேற்பட்டது. 1979-ல் உலக வானசாஸ்திரிகளின் சங்கம் அவரைத் தலைவராக்கியது.

விலைக்கு வாங்கிய கருவியோடு அவர் திருப்தியடையவில்லை. 2.34 மீட்டர் தூரதிருஷ்டியை நாட்டிலேயே செய்ய முனைந்தார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. தேய்த்து மெருகிட்டவை பெங்களூர்க் கைகள். அதன் வழியே வானத்தை நோக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982 ஆகஸ்டு 19-ல் மியூனிக் நகரில் காலமானார். 1986 ஜனவரி 6-ல் அக்கருவிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பெயர் சூட்டியதோடு நம் கடன் தீர்ந்துவிடவில்லை. ஊர்தோறும் வீண் விளக்குகள் வானத்தை நோக்கி எரிந்தால், நம் கையால் செய்த கண்ணை நாமே குருடாக்கியவராவோம். விளக்கை மண்ணை நோக்கித் திருப்புவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. நகரசபைகளும் பொதுமக்களும் மனம் வைத்தாலே போதும். காவலூரின் இருளைக் காப்பதே பாப்புவுக்கு நாம் செய்யும் கைம்மாறு.