யார் இந்த சுப்பாராவ்? ரத்தப் புற்றுநோய் மருந்தின் முதல் சோதனைக்குப் பின்னால் இருந்த சென்னை மருத்துவ மாணவர்

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரை, யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரை, ரத்தப் புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட். இந்த மூன்றின் கதையிலும் வருகிற ஒரே பெயர், எல்லாப்ரகட சுப்பாராவ். ஆனா நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது.

யார் இவர்?

1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தவர். இன்று அது ஆந்திரா. அப்போது பீமவரமும் நம்ம ராமநாதபுரமும் ஒரே சென்னை மாகாணம். மெட்ரிக்குலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறைதான் பாஸ் ஆனார். சாப்பாட்டுச் சத்தை உடல் உறிஞ்சவிடாத 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய்க்கு இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தார். அவருக்கும் அந்த நோய் வந்தது, பிழைத்துக்கொண்டார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடையில் அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

அமெரிக்காவில் என்ன செய்தார்?

பாஸ்டன் போய் ஹார்வர்டில் படித்தார். செலவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்ப்ரூவுக்கும் ரத்தசோகைக்கும் மருந்து தேடிய அவரது குழு, 1945-ல் ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே தயாரித்தது.

லுக்கீமியா எப்படி உள்ளே வந்தது?

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர் சிட்னி ஃபார்பர், லுக்கீமியா குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகமெடுத்தது போலத் தெரிந்தது. அப்போ அதே சத்தைத் தடுத்தால்? இந்தக் கேள்விதான் திருப்புமுனை.

சுப்பாராவ் குழு 'அமினோப்டெரின்' அனுப்பியது. பார்க்க ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும், ஆனா வேலை செய்யாது. போலிச் சாவி பூட்டில் மாட்டிக்கிட்டா நிஜச் சாவி நுழைய முடியாது இல்லையா, அது மாதிரி. புது டி.என்.ஏ. உருவாக்க முடியாமல் புற்றுநோய் செல்கள் பெருகுவது நிற்கும்.

சோதனையில் என்ன நடந்தது?

முடிவுகள் 1948 ஜூனில் வெளியாகின. மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் அடங்கியது. அதுவரை லுக்கீமியா என்றாலே சில வாரம், சில மாதம்தான். ஆனா இந்த நிவாரணமும் தற்காலிகமே, நோய் திரும்பி வந்தது. வாய்ப்புண் போன்ற பக்கவிளைவுகளும் இருந்தன, ஏன்னா நல்ல செல்களையும் மருந்து தாக்கியது.

அடுத்த இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். இந்தியாவுக்கு அவர் திரும்பவே இல்லை. அமினோப்டெரினின் இடத்தை அதன் உறவு மருந்தான மெத்தோட்ரெக்சேட் பிடித்தது. குழந்தைகளின் லுக்கீமியா சிகிச்சையில் மற்ற மருந்துகளோடு சேர்த்து இன்றும் அது தரப்படுகிறது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

பின்னாளில் மருந்துகளின் குறி இன்னும் கூர்மையானது. நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவுக்கான இமாடினிப், புற்றுநோய் செல்லைத் தூண்டும் ஒரு புரதத்தைக் குறிவைக்கிறது. 1998-ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கி, 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

புது மருந்து வந்தாச்சு என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் மூன்று விஷயம் பாருங்க: எத்தனை பேருக்குக் கொடுத்தாங்க, எவ்வளவு நாள் பலன் நின்றது, எந்தக் கட்டச் சோதனை. முதல் கட்டச் சோதனை எவ்வளவு டோஸ் உடல் தாங்கும் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கும். அதை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது. அதே சமயம், அந்த 10 குழந்தைகளுக்குக் கிடைத்த சில மாதங்கள் இல்லாமல் இன்றைய சிகிச்சையும் இல்லை.