சர் சார்லஸ் டாட்ஸ்

நன்மை கருதி உலகிற்கு அளிக்கப்பட்ட பொருள், அளித்தவர் எண்ணாத வழியிற் சென்று, பிறவாத மக்களுக்கும் தீங்காய் முடிதல் உண்டு. சர் எட்வர்டு சார்லஸ் டாட்ஸ் என்னும் அறிஞரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இவர் 1899-ம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்தார். லண்டன் மிடில்ஸெக்ஸ் மருத்துவமனைக் கல்லூரியிற் பயின்று, 25 வயதளவிலேயே லண்டன் சர்வகலாசாலையில் உயிர் இரசாயனப் பேராசிரியராய் அமர்ந்தார்.

பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன் அந்நாளிற் கிடைத்தற்கரியதாயும் விலைமிக்கதாயும் இருந்தது. டாட்ஸ், ஆக்ஸ்போர்டு அறிஞர் ராபர்ட் ராபின்ஸன் முதலியோருடன் உழைத்து, 1938-ல் அதன் தொழிலைச் செய்யவல்ல ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கைப் பொருளை ஆக்கினார். அது மலிவானது, வாய்வழி உட்கொள்ளினும் பயன் தருவது. பொதுப்பணத்தால் நிகழ்ந்த ஆராய்ச்சியாதலின் அதற்குப் பேட்டண்ட் உரிமை பெறப்படவில்லை. ஆகவே பல நாட்டுக் கம்பெனிகளும் அதனைத் தடையின்றிச் செய்து விற்றன. அவ்வாண்டிலேயே டாட்ஸும் அவர்தம் துணைவரும், அம்மருந்து முயல் முதலியவற்றின் கருவைச் சிதைத்தலைக் கண்டு வெளியிட்டனர்.

எனினும், 1948-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஸ்மித் தம்பதிகள், கருச்சிதைவைத் தடுக்குமெனக் கருதி அதனைக் கர்ப்பிணிகளுக்கு அளிக்கும் முறையைப் பரப்பினர். 1953-ல் சிக்காகோவில் 1,600 பெண்களுக்கு மேற்பட்டாரிடம் நடத்திய சோதனை, அதனாற் பயனில்லையென்று காட்டிற்று. ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. பல இலட்சம் தாய்மார் அதனை உட்கொண்டனர்.

1971-ல் பாஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் துணைவரும், இளம்பெண்களின் பிறப்புறுப்பில் தோன்றிய அரிய புற்றுநோயை ஆராய்ந்தனர். நோயுற்ற எண்மருள் எழுவரின் தாய்மார் கர்ப்ப காலத்தில் அம்மருந்தை உண்டிருந்தனர். கருவில் உறுப்புகள் உருவாகும் வாரங்களில் புகுந்த அயல் ஹார்மோன் அவற்றின் அமைப்பைப் பிறழச் செய்ததே காரணம். அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு அதனை அளிக்கலாகாதென எச்சரித்தது. அத்தாய்மாரின் புதல்வியருள் ஏறத்தாழ 1,000-த்தில் ஒருவருக்கே அப்புற்றுநோய் வந்தது. ஆனால் மகப்பேறின்மையும் குறைமாதப் பிறப்பும் மிகப் பலரை வருத்தின. பேத்தியர் சிலரிடம் மாதவிடாய் ஒழுங்கின்மை மிகுதியாகக் காணப்பட்டதாகவும் ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

1954-ல் சர் பட்டமும், 1962-ல் ராயல் மருத்துவக் கல்லூரித் தலைமையும் பெற்ற டாட்ஸ், 1973-ல் காலமானார். ஆதலின் இச்செய்தி வெளிவந்த காலத்தும் அவர் உயிரோடிருந்தார்.

கர்ப்பிணிகளுக்கு அம்மருந்தை அளிக்கும் முறையை வகுத்தவர் அவரல்லர். முயலிடத்துக் கண்டதும், சிக்காகோவிற் கண்டதும் ஏட்டில் இருந்தன. அவற்றைப் பொருட்படுத்துவார்தாம் மிகச் சிலராயினர். மருத்துவமும் அறிவியலும் பயிலும் நண்பர்களே, உண்மையைக் கண்டறிதல் பாதிப்பணியே. கண்டதற்குச் செவிசாய்த்தல் மற்றைப் பாதியாம்.