கோலத்தைக் கணக்காக்கிய பேராசிரியர்

மார்கழி மாதம் விடியற்காலையில் மயிலாப்பூர் தெருக்களில் வாசலுக்கு வாசல் கோலம் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் அது மிதிபட்டு அழிந்துவிடும். மறுநாள் புதுக் கோலம் பிறக்கும். இந்தக் கைவேலையில் உயர்ந்த கணிதம் இருப்பதை உலகுக்குக் காட்டியவர் கிப்ட் சிரோமணி.

1932-ல் பிறந்த அவர், தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தார். மனைவி ராணி சிரோமணியும் கணித அறிஞர்.

இரண்டு வழிகள்

கம்ப்யூட்டரில் ஒரு படத்தை இரண்டு விதமாக வைக்கலாம். முதல் வழியில் படம் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும். எந்தக் கட்டத்தில் என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளப்படும். படத்தைப் பெரிதாக்கினால் கட்டங்கள் பல்லிளிக்கும். இரண்டாம் வழியில் கோடு எங்கே புறப்படுகிறது, எப்படி வளைகிறது என்று மட்டும் குறிக்கப்படும். இதை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு தெளிவாகவே இருக்கும். கட்டப் படத்தைக் கோட்டுப் படமாக மாற்றுவது இன்றும் கம்ப்யூட்டர்களுக்கு முக்கியமான வேலை.

சிரோமணி இரண்டு வழியிலும் கோலத்தை ஆராய்ந்தார். 1974-ல் அவரும் ராணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். கட்டங்களை விதிப்படி நிரப்பிக் கோலத்தை உண்டாக்கும் முறை அதில் இருந்தது. 1978-ல் திருவான்மியூர் கலாக்ஷேத்திராவின் காலாண்டு இதழிலும் அவர் கோலம் பற்றி எழுதினார்.

பெண்கள் சொன்ன ரகசியம்

இவ்வளவு சிக்கலான கோலங்களைப் பெண்கள் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? கோலம் போடுகிறவர்களிடமே இதற்கு விடை கிடைத்தது. கோலம் அவர்கள் மனத்தில் முழுப் படமாக இல்லை. கை போகும் பாதையாகவே இருந்தது. நேரே போக வேண்டும், இங்கே வளைய வேண்டும், அங்கே சுற்றித் திரும்ப வேண்டும் என்ற வரிசையைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.

புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கம்பிக் கோலத்துக்கு ஏழே அசைவுகள் போதும். நேராகச் செல்வது ஒன்று. வலப்புறம் திரும்புவது மூன்று விதம். இடப்புறம் திரும்புவது மூன்று விதம். ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அடையாள எழுத்து கொடுத்தால், ஒரே கம்பியில் முடியும் கோலம் ஒரே வரியில் அடங்கிவிடும். புறப்பட்ட இடத்துக்கே கோடு திரும்பி வருவதால் அந்த வரியின் முடிவு தொடக்கத்தோடு சேரும். அந்த வரி இருந்தால், பார்த்திராத கோலத்தையும் கம்ப்யூட்டர் வரைந்து காட்டும்.

அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணவும் சிரோமணி வழி தேடினார். பழைய பிராமிக் கல்வெட்டுகளையும் சிந்துவெளி எழுத்துகளையும் ஆராய்ந்தார்.

1988-ல் தமது 55-ஆம் வயதில் அவர் காலமானார். மறு ஆண்டு அவர் நினைவாக ஒரு நூல் வெளிவந்தது. கம்பிக் கோலத்தைப் பற்றி ராணியோடும் மற்றோர் ஆராய்ச்சியாளரோடும் அவர் எழுதிய கட்டுரை அதில் இடம்பெற்றது. பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைவழியாகவே வந்த கலை, அவருடைய உழைப்பால் கணித ஏட்டிலும் இடம் பிடித்தது.