பேராசான் ஹிண்டன்

அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினப் பெற்றோருக்கு, 1883-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தவர் வில்லியம் அகஸ்டஸ் ஹிண்டன். சில ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தபின், 1909-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-இல் சிறப்புடன் தேறினார். ஆயினும், கறுப்பர் என்பதால் பாஸ்டன் நகர மருத்துவமனைகள் அவருக்குப் பயிற்சி மருத்துவர் இடம் தர மறுத்தன. அவர் ஆய்வுக்கூடத்தை நாடினார்.

1915-இல் மாசசூசெட்ஸ் மாநிலக் குருதிச் சோதனைக் கூடத்தின் தலைமை அவரிடம் வந்தது. அந்நாளில் சிபிலிஸ் என்னும் கிரந்தி நோயைக் கண்டறியும் சோதனை பலமுறை பிழைபட்டது. நோயற்றோரும் நோயாளர் எனப்பட்டு, நஞ்சுடைய ஆர்செனிக் மருந்துக்கு ஆளாயினர். 1927-இல் ஹிண்டன் வகுத்த சோதனை எளியது, முன்னதினும் துல்லியமானது. 1931-இல் பெண்களுக்கு ஆய்வுக்கூடப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார்.

ஹார்வர்டில் நுண்ணுயிரியலையும் நோய்த்தடுப்பியலையும் பல்லாண்டுகள் கற்பித்தார். பேராசிரியர் பட்டமோ, ஓய்வுக்கு முந்தைய ஆண்டான 1949-இல்தான் கிட்டியது. அப்பல்கலைக்கழகத்தின் முதற் கறுப்பினப் பேராசிரியர் அவரே. இத்தாமதம் அவர்தம் குறையன்று. தகுதியைக் கண்டும் பதவி தராதோர் குறையே என நாம் தெளிதல் வேண்டும்.

1959-இல் மறைந்த அவர், தம் சேமிப்பை மாணவர் உதவித்தொகைக்கென விட்டுச் சென்றார். நம் இளைஞர்களே! உரிமையைக் கேட்பதை நாம் ஒருநாளும் கைவிடலாகாது. அது வந்து சேருமளவும் கல்வியையும் நிறுத்தலாகாது. நாம் கற்றதை அடுத்தவர் கையில் சேர்ப்பதும் நம் கடனே.