நிமிர்ந்து நின்ற நங்கை

உயரமான பெண்ணைக் கண்டால் ஊர் சும்மா இராது. பனைமரம் என்பார் ஒருவர். ஒட்டடைக் கம்பு என்று சிரிப்பார் இன்னொருவர். இவளுக்கேற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று கவலைப்படுவார் மூன்றாமவர். இந்தக் கேலி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இதே கேலியைக் கேட்டு வளர்ந்த ஒரு கறுப்பினப் பெண், உலகமே அண்ணாந்து பார்த்த கைப்பந்து வீராங்கனை ஆனார். அவர்தாம் ஃப்ளோ ஹைமன்.

1954ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கலிபோர்னியா மாநிலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்த ஹைமன், அதை அடுத்த இங்கிள்வுட்டில் வளர்ந்தார். எட்டுக் குழந்தைகளுள் இரண்டாமவர். தந்தை இரயில்வேயில் துப்புரவுப் பணி பார்த்தவர். தாய் ஒரு சிற்றுண்டிக் கடை நடத்தியவர். செல்வம் இல்லாத அந்த வீட்டில் உயரத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. பன்னிரண்டு வயதில் ஹைமனின் உயரம் 6 அடி! பதினேழு வயதில் 6 அடி 5 அங்குலம்! கேலிக்கு அஞ்சிக் கூனிக் குறுகிய மகளை, உயரத்தை எண்ணிப் பெருமை கொள்ளுமாறு தேற்றினார் தாய். நிமிர்ந்து நிற்கும் துணிவு வீட்டிலேயே கிடைத்தது. நிமிர்ந்து நிற்பதற்கோர் இடம் பின்னர்த்தான் கிடைத்தது.

அந்த இடம் கைப்பந்துக் களம். 1895ஆம் ஆண்டில் வில்லியம் மார்கன் என்பவர் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் உருவாக்கிய விளையாட்டு இது. 1964ஆம் ஆண்டு டோக்கியோவில்தான் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம் பெற்றது. பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் ஏறத்தாழ 7 அடி 4 அங்குலம். அதற்கு மேல் எழும்பிப் பந்தை அறைய வேண்டும். ஊர் குறையென்று கண்டதைக் களம் வரமென்று கண்டது!

ஆனால், திறமை மட்டும் இருந்தால் போதுமா? கதவு திறக்க வேண்டாமா? அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டுக்கான உதவித்தொகை நெடுங்காலம் பெரும்பாலும் ஆடவருக்கே உரியதாய் இருந்தது. அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையங்கள் பால் வேறுபாடு காட்டலாகாது என்ற சட்டம் 1972இல் வந்தது. ஒன்பதாம் பிரிவு என்று அந்நாட்டார் அதைக் குறிப்பிடுவர். அதன் பின்னரே கதவுகள் அசைந்தன. எல் காமினோ கல்லூரியில் ஓராண்டு பயின்ற ஹைமன், ஹூஸ்டன் பல்கலைக்கழகம் சென்றார். விளையாட்டுக்காக அப்பல்கலைக்கழகம் உதவித்தொகை அளித்த முதற்பெண் அவரே. ரூத் நெல்சன் என்னும் பயிற்சியாளரிடம் ஆடி, நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனையருள் ஒருவராக மும்முறை தேர்வு பெற்றார். அவர் ஆடிய காலத்தில் ஹூஸ்டன் மகளிர் அணியின் பெயர் நாடெங்கும் தெரிந்தது.

பட்டப் படிப்பை முடிக்குமுன் தேசிய அணி அவரை அழைத்துக்கொண்டது. அங்கே ஆரி செலிங்கரின் கடும் பயிற்சி காத்திருந்தது. உயரமானவருக்கு மேலே வரும் பந்து எளிது. தரையோடு வரும் பந்து அரிது. கெட்டித் தரையில் பாய்ந்து விழ ஹைமன் முதலில் தயங்கினார். வலியைப் பொறுத்துப் பொறுத்து அதையும் கற்றார். அடிக்க மட்டும் தெரிந்தவர், காக்கவும் தெரிந்தவரானார்.

எனினும் வெற்றி எளிதில் வரவில்லை. 1976 ஒலிம்பிக்குக்கு அமெரிக்க மகளிர் அணி தகுதி பெறவில்லை. 1980இல் தகுதி பெற்றது. ஆனால், ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. பல்லாண்டு உழைப்பு ஓர் அரசியல் முடிவால் வீணாயிற்று. ஹைமன் விலகவில்லை. 1982 உலகப் போட்டியில் அணி வெண்கலம் வென்றது. 1984இல், அவர் பிறந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேயே நடந்த ஒலிம்பிக்கில், இறுதியாட்டத்தில் சீனாவிடம் தோற்று வெள்ளி பெற்றது. அப்போது அவருக்கு வயது முப்பது.

அதே 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று ஒன்பதாம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. அரசுப் பணம் நேரே செல்லும் துறையை மட்டுமே அச்சட்டம் கட்டுப்படுத்தும் என்றது அத்தீர்ப்பு. தாம் நுழைந்த கதவு, தமக்குப் பின் வருவோருக்கு அடைபடுவதைக் கண்டு ஹைமன் வாளாவிருக்கவில்லை. கொரெட்டா ஸ்காட் கிங், விண்வெளி வீராங்கனை சாலி ரைடு போன்றோருடன் சேர்ந்து வாஷிங்டனில் குரல் கொடுத்தார். சட்டத்தின் வலிமையை மீட்ட திருத்தம் 1988இல் நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை.

ஒலிம்பிக்குக்குப் பின் அவர் ஜப்பான் சென்று டாயே அணியில் ஆடிவந்தார். 1986 ஜனவரி 24ஆம் நாள், மட்சுவே நகரில் ஆட்டத்தின் நடுவே மாற்றாள் வர, வெளியே வந்து பலகையில் அமர்ந்தார். அமர்ந்தவர் அப்படியே சரிந்தார். உயிர் பிரிந்தது. வயது முப்பத்தொன்று.

மாரடைப்பு என்று முதலில் எண்ணினர். குடும்பத்தார் அதோடு அமையாமல் உடலை ஆய்வு செய்வித்தனர். உண்மை வெளிப்பட்டது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்திருந்தது. மார்ஃபான் நோயே காரணம். உடலின் இணைப்புத் திசுக்களுக்கு உறுதி தரும் ஃபைப்ரிலின் என்ற புரதம் பழுதுபடுவதால் வரும் பரம்பரை நோய் இது. இதற்குரிய ஜீன் 1991இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம். கை கால்கள் நீளும், விரல்கள் நீளும், உடல் ஒல்லியாய் ஓங்கும். உள்ளே தமனியின் சுவர் மெல்ல மெல்லத் தளரும். உலகம் வியந்த உயரத்தோடு ஒட்டியே ஒளிந்திருந்தது ஆபத்து! உயிரோடிருந்தபோது அதை எவரும் தேடவில்லை. இறந்தபின் தேடியதால் அவருடைய உடன்பிறந்தான் ஒருவனுக்கும் அந்நோய் இருப்பது தெரிந்தது. அறுவை மருத்துவம் அவனைக் காத்தது.

உயர்ந்தவரெல்லாம் நோயாளியரல்லர். ஆயினும் வீரரின் ஆற்றலைக் கண்டு கைதட்டும் நிறுவனங்கள், அவர் உடலைச் சோதிக்கவும் கடமைப்பட்டவை. ஒலியலையால் இதயத்தைப் படமெடுத்தால் தமனியின் வீக்கம் தெரிந்துவிடும். மருந்தும் அறுவையும் உயிரைக் காக்கும்.

தோழர்களே, தோழியரே! நம் விடுதியிலும் வகுப்பிலும் தோள் குறுக்கி நடக்கும் நெடிய தங்கை ஒருத்தி இருக்கக்கூடும். அவளைக் கேலி செய்யாதீர். இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். களத்துக்கு அழையுங்கள். அழைக்குமுன் ஒரு மருத்துவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.